நிலத்துக்குத் தேய்மானம் இல்லை
கொலோன் நகரசபையும் பசுமை வளையமும்



2025 செப்டெம்பர் 14ஆம் திகதி எங்கள் மாநிலம் முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அந்த நாட்களில் நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்த நேயர்களில் பலர் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "ஆர் வந்தாலும் குப்பை அள்ளுவினம், ட்ராம் ஓடும். பிறகென்னத்துக்கு நாங்கள் போய் வோட்டுப் போடவேணும்?"

கேள்வி நியாயமானது. இன்றைய கட்சிகளை வைத்துப் பதில் சொன்னால் அது பிரசாரமாகிவிடும். அதனால் நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். வணிகம் படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற ஒரு விதி உண்டு. கட்டடத்துக்குத் தேய்மானம் போடவேண்டும், இயந்திரத்துக்குப் போடவேண்டும், வாகனத்துக்குப் போடவேண்டும். நிலத்துக்குப் போடுவதில்லை. கொலோன் நகரசபையின் சரித்திரத்தை இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பல விடயங்கள் விளங்கும்.

கோட்டைக்கு முன்னால் இருந்த வெற்று நிலம்

யாழ்ப்பாணத்தவருக்கு முற்றவெளியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோட்டைக்கும் பட்டினத்துக்கும் இடையில் கிடக்கும் அந்தப் பெரிய வெளி, பிள்ளைகள் விளையாடுவதற்காக முதலில் விடப்பட்டதல்ல. கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் எதிரி ஒளிந்துகொள்ள ஒரு சுவரோ மரமோ இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். கொழும்புக் காலிமுகத்திடலும் அப்படி ஒல்லாந்தர் காலத்தில் வெறுமையாக வைக்கப்பட்ட இடந்தான். பின்னர் ஆங்கிலேயத் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் அங்கே ஒரு நடைபாதையைக் கட்டி முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைக் காக்கும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார்.

கொலோனுக்கும் இதே மாதிரி ஒரு வெற்று நிலம் இருந்தது. 1815க்குப் பிறகு இந்த நகரம் பிரஷ்ய அரசின் கைக்கு வந்ததும் மேற்கு எல்லையைக் காக்கும் பெரிய இராணுவக் கோட்டையாக்கப்பட்டது. பழைய மதிலுக்கு வெளியே ஒரு வரிசையில் காவற்கோட்டைகள் எழுந்தன. பீரங்கிகள் தூரம் சுடத் தொடங்கியதும், 1873க்குப் பிறகு இன்னும் வெளியே இரண்டாவது வளையம் கட்டப்பட்டது. இந்தக் கோட்டைகளுக்கு முன்னால் பல நூறு மீற்றர் அகலத்துக்கு எவரும் கல்வீடு கட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. போர் வந்தால் உடனே இடித்தெறியக்கூடிய கொட்டில்களுக்கு மட்டுமே அனுமதி.

இதனால் உள்ளே சனம் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தது. 1881இல் நகரசபை பழைய மதிலையும் அதன் நிலத்தையும் இராணுவத்திடமிருந்து 1 கோடி 17 இலட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து விலைக்கு வாங்கி, மதிலை இடித்தது. இன்று றிங் என்று நாங்கள் சொல்லும் வீதிகள் அந்த மதில் இருந்த இடம். அந்தப் பெருந்தொகையைத் திரும்ப எடுக்க, கிடைத்த நிலத்தின் பெரும்பகுதி வீடு கட்டுவோருக்கு விற்கப்பட்டது. ஐந்தொகையில் அது நல்ல வியாபாரம். ஆனால் அந்தப் புதிய பகுதியும் கொஞ்சக் காலத்திலேயே நிரம்பிவிட்டது.

1919இல் வெர்சாய் ஒப்பந்தம் வந்தது. றைன் நதிக்குக் கிழக்கே 50 கிலோமீற்றருக்கு ஒரு கோடு கீறி, அதற்கு மேற்கே உள்ள கோட்டைகள் எல்லாம் அகற்றப்படவேண்டும் என்று அதன் 180ஆம் பிரிவு சொன்னது. அப்போது கொலோன் பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. 1918 டிசெம்பரில் வந்த அவர்கள் 1926 ஜனவரி வரை நின்றார்கள். இரண்டு கோட்டை வளையங்களின் நிலமும் ஒரே நேரத்தில் இராணுவப் பயனை இழந்தது. அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கவேண்டிய இடம் நகரசபை.

வரிப் பகுதியிலிருந்து வந்த மனிதர்

அந்த நேரத்தில் நகரபிதாவாக இருந்தவர் கொன்ராட் அடெனாவர். மேற்கு ஜேர்மனியின் முதலாவது சான்ஸ்லராக அவரைப் பலர் அறிவார்கள். அந்தப் பதவிக்கு வந்தபோது அவருக்கு 73 வயது. அதற்கு முன் அவர் செய்த மிக நீண்ட வேலை கொலோன் நகர நிர்வாகம்.

1876இல் இந்த நகரத்திலேயே பிறந்தவர். சட்டம் படித்தவர். 1906இல் நகரசபை அவரைத் துறைப் பொறுப்பாளர்களில் ஒருவராகத் தெரிவுசெய்தது. முதலில் அவரிடம் கொடுக்கப்பட்டது வரிப் பகுதி. எந்தத் தெருவில் எவ்வளவு நிலவரி வருகிறது, எந்தப் பேட்டையில் எத்தனை குடும்பம் ஒரே வீட்டில் இருக்கிறது என்பதை அவர் கணக்குப் புத்தகத்திலிருந்தே அறிந்தார். 1909இல் நகரபிதாவுக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்தார்.

1917 மார்ச்சில் அவர் போன உத்தியோக வாகனம் ட்ராமோடு மோதியது. முகத்தில் கடும் காயம். கறுப்புக் காட்டுப் பகுதியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்க்க நகரசபை உறுப்பினர்கள் சிலர் போனார்கள். நகரபிதா பதவிக்கு அவரை நினைத்திருந்தார்கள். தலையில் அடிபட்டவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பேசிப் பார்க்க விரும்பினார்கள். பேச்சில் திருப்தியடைந்து திரும்பினார்கள். 1917 செப்டெம்பர் 18இல் நகரசபை அவரை நகரபிதாவாகத் தெரிவுசெய்தது. வயது 41.

அவரைத் தெரிவுசெய்த சபை எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அன்று பிரஷ்யாவில் இருந்தது மூன்று வகுப்பு வாக்குமுறை. கட்டுகிற வரியின் அளவைப் பொறுத்து வாக்காளர்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். அதிகம் வரி கட்டிய மிகச் சிலருக்கும், குறைவாகக் கட்டிய பெருந்தொகையானோருக்கும் சம எண்ணிக்கையான உறுப்பினர்கள். பெண்களுக்கு வாக்கு இல்லவே இல்லை. 1918 புரட்சிக்குப் பிறகுதான் எல்லோருக்கும் சம வாக்கு வந்தது. ஆகவே கோட்டை நிலம் பற்றிய விவாதம் நடந்தபோது, நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த தொழிலாளரும் அவர்களின் மனைவியரும் முதல்முறையாகச் சம உரிமையோடு தெரிவுசெய்த உறுப்பினர்கள் சபையில் இருந்தார்கள்.

அடெனாவரின் கருத்து

அடெனாவரின் நிலைப்பாடு சுருக்கமாக இதுதான். கோட்டை நிலம் நகரத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. இதைத் துண்டு துண்டாக விற்றால் கொலோன் கல்லால் ஆன பெரும் பாலைவனமாகிவிடும். விற்காமல் வைத்தால் மனிதர் மனிதராக வாழக்கூடிய நகரமாகும். அதனால் இரண்டு வளையங்களையும் பூங்கா, விளையாட்டிடம், சிறுதோட்டம், காடு என்று பொதுநிலமாக வைக்கவேண்டும்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த வலயத்தில் தனியாருக்கும் நிறைய நிலம் இருந்தது. இவ்வளவு காலம் இராணுவச் சட்டத்தால் கட்டமுடியாமல் கிடந்த நிலம் இனிப் பொன் விலை போகும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். போர் முடிந்த வறுமையில் பூங்கா எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அடெனாவர் பேர்லினில் அலைந்து, 1920இல் இந்த நிலங்களைப் பற்றிய தனிச் சட்டம் ஒன்று வருவதற்கு உழைத்தார். ஹம்பேர்க் நகரின் கட்டடக்கலைஞர் ப்ரிட்ஸ் சூமாகரை 1920 முதல் 1923 வரை கொலோனுக்கு வரவழைத்துத் திட்டம் வரையச் செய்தார். உள்வளையம், வெளிவளையம், இரண்டையும் தொடுக்கும் பசுமைக் கீற்றுகள் என்று முழு நகரத்துக்குமான வரைபடம் அது. காவற்கோட்டைகளில் சிலவற்றை முழுவதும் தகர்க்காமல் பூங்காவுக்குள் சேர்க்கவும் பிரித்தானியரிடம் சம்மதம் பெறப்பட்டது. அதனால்தான் இன்றும் சில பூங்காக்களில் செங்கல் கோட்டைச் சுவரையும் அதன் மேல் ரோசாத் தோட்டத்தையும் பார்க்கிறோம்.

வேலை செய்தவர்கள் யார்? பெரும்பாலும் வேலையற்றவர்கள். அரச உதவிப் பணத்தில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு மண் வெட்டி, ஏரி தோண்டி, மரம் நட்டார்கள். 1923இல் திறக்கப்பட்ட முங்கெர்ஸ்டோவ் விளையாட்டரங்கும் அப்படி உருவானதே. எங்கள் பிள்ளைகள் எவ்.சி. கொலோன் பந்தாட்டம் பார்க்கப் போகும் இடம் அது. அரங்கின் கட்டடம் பின்னர் இடித்துக் கட்டப்பட்டது. நிலம் அதே நிலம். கோடையில் இறைச்சி வாட்ட நாங்கள் போகும் ஆகனர் வையர், நடக்கப் போகும் டெக்ஸ்டைனர் வையர் இரண்டும் இந்தத் திட்டத்தின் பிள்ளைகள்தான். உள்வளையம் மட்டும் சுமார் 7 கிலோமீற்றர் நீளம்.

பாலமும் வீதியும்

நிலத்தைக் காத்தால் மட்டும் போதாது, சனம் எங்கே இருந்து எங்கே போகிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்பது அடெனாவரின் இரண்டாவது கருத்து. 1888இலிருந்து சுற்றுப்புற ஊர்கள் ஒவ்வொன்றாக நகரத்தோடு சேர்க்கப்பட்டு வந்தன. 1914இல் முல்ஹைம் சேர்ந்தது. 1922இல் வடக்கே வொறிங்கன் சேர்ந்தது. வீடும் தொழிற்சாலையும் அங்கே பரவட்டும், நடுவில் பசுமை நிற்கட்டும் என்பது யோசனை. 1913இல் தொடங்கப்பட்ட ஜி.ஏ.ஜி. வீடமைப்பு நிறுவனம் 1920களில் பெரிய குடியிருப்புகளைக் கட்டியது. அது இன்றும் நகரத்தின் மிகப் பெரிய வாடகை வீட்டு உரிமையாளர்.

முல்ஹைம் சேரும்போது அதற்கு ஒரு நிலையான பாலம் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பாலம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் பெரிய சண்டை. நிபுணர் குழு வளைவுப் பாலத்தை விரும்பியது. அடெனாவர் தொங்குபாலம் வேண்டும் என்றார். சபையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் வாக்கையும் சேர்த்து அவர் வென்றார். 1929 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டது. 1944இல் போரில் விழுந்தது. 1951இல் மீண்டும் எழுந்தது. 2018 முதல் அதற்குப் பெரிய திருத்த வேலை தேவைப்பட்டது. பாலத்துக்குத் தேய்மானம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

1932 ஓகஸ்ட் 6இல் அடெனாவர் கொலோனுக்கும் பொண் நகருக்கும் இடையிலான குறுக்குச் சந்தி இல்லாத மோட்டார் வீதியைத் திறந்து வைத்தார். இன்றைய ஏ 555 அதுதான். அதைக் கட்டியவர்களிலும் பெரும்பாலானோர் வேலையற்றவர்கள். ஆட்டோபானை ஹிட்லர்தான் தொடங்கினார் என்று இப்போதும் சிலர் சொல்வதுண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே இந்த வீதி ஓடிக்கொண்டிருந்தது.

பொண் நகருக்கு ரயில் இணைப்பு அதற்கும் மூத்தது. றைன் கரையோரப் பாதை 1906இல் வந்தது. 1978இல் 16ஆம் இலக்கமும், 1986இல் 18ஆம் இலக்கமும் அந்தப் பழைய பாதைகளில் நகர ட்ராமோடு இணைந்து நேரே ஓடத் தொடங்கின. 1987 செப்டெம்பரில் வி.ஆர்.எஸ். போக்குவரத்துக் கூட்டு வந்தது. ஒரே ரிக்கற்றில் பல நகரசபைகளின் எல்லையைத் தாண்டலாம். அந்தக் காலத்தில் இங்கு வந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். 1982ஆம் ஆண்டின் தஞ்சச் சட்டத்தின்படி, விண்ணப்பம் விசாரணையில் இருக்கும்வரை ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு அனுமதியின்றி வெளியேறக்கூடாது. ரிக்கற் பொண் வரை செல்லும். ஆனால் எங்களில் பலருக்கு இடையில் இறங்கவேண்டிய எல்லை ஒன்று இருந்தது. போக்குவரத்து என்பது ரயில் மட்டுமல்ல, யார் எதுவரை போகலாம் என்ற முடிவும்தான் என்பதை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கடனும் மரமும்

அடெனாவரைத் தெய்வமாக்குவது இந்தப் பேச்சின் நோக்கமல்ல. ஐந்தொகையின் மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். பல்கலைக்கழகம், கண்காட்சி மண்டபம், துறைமுகம், பாலம், பூங்கா என்று பன்னிரண்டு வருடத்தில் செய்த வேலைக்குக் கடன் வாங்கினார். அதில் வெளிநாட்டுக் கடனும் இருந்தது. 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கொலோன் பெருங்கடனில் நின்றது. சபையைக் கேட்பதைவிடச் சபையைச் சம்மதிக்க வைப்பதிலேயே அவருக்கு ஆர்வம் என்று எதிராளிகள் குறை சொன்னார்கள். அதில் உண்மை உண்டு.

அதேநேரம் 1930 ஒக்டோபரில் ஹென்றி போர்ட் நேரில் வந்து நீல் பகுதியில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். வடக்கே நிலமும் நதித்துறையும் தயாராக இருந்ததால்தான் அது வந்தது. கடன் செலவாகப் போயிற்றா, முதலீடாக நின்றதா என்பதைப் பத்து வருடத்தில் சொல்லமுடியாது.  நிலம் நிற்கிறது.

1933 பெப்ரவரியில் ஹிட்லர் கொலோனுக்கு வந்தபோது பாலத்தில் கட்டிய நாஜிக் கொடிகளை அடெனாவர் இறக்க வைத்தார். மார்ச் 12 உள்ளூராட்சித் தேர்தலுக்கு அடுத்த நாள் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். 1945இல் அமெரிக்க இராணுவம் வந்ததும் அவரை மீண்டும் நகரபிதாவாக்கியது. பின்னர் பொறுப்பேற்ற பிரித்தானியர் ஒக்டோபர் 6இல் அவரை நீக்கினார்கள். நகரத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் போதிய வேகம் இல்லை என்பது குற்றச்சாட்டு. அந்த மனஸ்தாபத்துக்குச் சரித்திரக்காரர் சொல்லும் காரணங்களில் ஒன்று, பசுமை வளையத்து மரம். குளிர்காலம் வருகிறது, நிலக்கரி இல்லை, மரத்தை வெட்டி விறகாக்குங்கள் என்று பிரித்தானியர் கேட்டார்கள். அடெனாவர் மறுத்தார்.

இதை எளிதாகத் தீர்ப்புச் சொல்லமுடியாது. இடிந்த வீட்டில் குளிரில் நடுங்கும் பிள்ளைக்கு மரம் பெரிதா, நெருப்புப் பெரிதா? வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் போர்க் காலத்தில் அடுப்பு எரித்த எங்கள் தாய்மாருக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வியல்ல. ஆனால் பொதுநிலத்தைக் காக்கிறவர் எந்த மாதிரியான நெருக்கடியில் அதைக் காக்கவேண்டி வரும் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. தேவை எப்போதும் உண்மையானதாகவே இருக்கும். பொய்யான காரணத்துக்காக ஒருவரும் பொதுநிலத்தைக் கேட்பதில்லை.

கை உயர்த்திய பிறகு

நகரசபையின் வேலை தீர்மானத்தோடு முடிவதில்லை. அதற்குக் கொலோன் மிகுந்த விலை கொடுத்தது. 2009 மார்ச் 3ஆம் திகதி பிற்பகல், செவரின் வீதியில் நகர ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஆயிரம் வருடத்து ஏடுகளும் கடிதங்களும் மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் போயின. வடக்கு தெற்கு ட்ராம் சுரங்கத்துக்காக அந்த இடத்தில் தோண்டிய குழியில் நிகழ்ந்த தவறுதான் காரணம் என்று விசாரணைகள் காட்டின. கட்டுமான நிறுவனங்கள் 2020இல் நகரத்துக்கு 60 கோடி யூரோ கொடுக்கச் சம்மதித்தன. 2021இல் ஐபல்வாலில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. இறந்தவர்களுக்கு எதிர்ப்பதிவு ஏதும் இல்லை.

இந்தச் செய்தி வந்த நாளில் எங்களவர் பலருக்கு 1981 நினைவுக்கு வந்திருக்கும். முற்றவெளியின் அருகே நின்ற யாழ் பொதுநூலகம் மே 31 இரவு எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கவனக்குறைவு, மற்றது வன்செயல். ஆனால் இரண்டு நூலும் ஏடும் பொதுமக்கள் பணத்தில், பொதுநிலத்தில், ஒரு மாநகரசபையின் பொறுப்பில் இருந்தவை. ஒரு ஊரின் ஞாபகம் எங்கே வைக்கப்படுகிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் உள்ளூராட்சி விடயந்தான்.

கோயிலுக்கு நிலம்

சமூக விடயங்கள் நிலத்தில்தான் வந்து முடியும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த உதாரணம் ஹம் காமாட்சி அம்பாள் கோயில். 1989இல் ஒரு நிலவறையில் தொடங்கியது. 1993இல் முதல்முறையாக அம்பாள் வீதியுலா வந்தாள். வருடா வருடம் சனம் பெருகியது. வாகனம் நிறுத்த இடமில்லை, சத்தம், நெரிசல் என்று அயலவர்கள் முறைப்பாடு செய்தார்கள். பக்தர்களும் தவறு செய்யவில்லை, முறைப்பாடு செய்தவர்களும் கெட்டவர்கள் அல்ல. வீடுகளுக்கு நடுவே பல்லாயிரம் பேர் கூடும் திருவிழாவுக்கு அந்த நிலம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நகர நிர்வாகத்தோடு பேசி, உவென்றொப் தொழிற்பேட்டையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் தீர்த்தமாடக் கால்வாயும் இருந்தது. 2002 ஜூலை 7இல் கும்பாபிஷேகம் நடந்தது. இராசகோபுரம் 17 மீற்றர் உயரம். தொழிற்சாலைக்கு ஒதுக்கிய நிலத்தில் கோயில் கட்டலாமா என்பது பக்தியால் தீரும் கேள்வியல்ல. வரைபடத்தையும் விதியையும் வைத்துக்கொண்டு மேசையில் இருந்து பேசித் தீர்த்த கேள்வி.

கொலோனில் ஏரன்பெல்ட் பள்ளிவாசலுக்கும் அதே வழிதான். தெருவில் ஆர்ப்பாட்டமும் எதிர் ஆர்ப்பாட்டமும் நடந்தன. ஆனால் முடிவு 2008 ஓகஸ்ட் 28இல் நகரசபையில், நிலப் பயன்பாட்டு வரைபடத்தை மாற்றும் வாக்கெடுப்பாக வந்தது. அன்றைய நகரபிதா ப்ரிட்ஸ் ஷ்ரம்மா தன் சொந்தக் கட்சியின் பெரும்பான்மைக்கு மாறாக அதை ஆதரித்தார்.

இன்றைய கணக்கு

பசுமை வளையத்தின் விவாதம் முடிந்துவிடவில்லை. எவ்.சி. கொலோன் கழகம் வெளிவளையத்துப் புல்வெளியில் புதிய பயிற்சி மைதானங்கள் கேட்டது. 2020இல் நகரசபை ஒப்புதல் கொடுத்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தெற்கே, அடெனாவர் காலத்தில் முடிக்கப்படாமல் விட்ட உள்வளையத்தின் கடைசித் துண்டை ஐபல்வாலிலிருந்து றைன் கரை வரை கொண்டுபோய், அதன் ஓரத்தில் வீடுகளும் கட்டும் பார்க்ஸ்டட் சூட் என்ற திட்டம் இருக்கிறது. போக்குவரத்தில், 1ஆம் இலக்க ட்ராம் ஓடும் கிழக்கு மேற்குப் பாதையை நகர நடுவில் சுரங்கமாக்குவது என்று 2025இல் நகரசபையில் பெரும்பான்மை முடிவெடுத்தது. நூறு கோடி யூரோவைத் தாண்டும் வேலை. 2009க்குப் பிறகு மீண்டும் தோண்டுவதா என்று கேட்பவர்களும் உண்டு. ட்ராமில் நெரிபடுவோர் வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள்.

எங்கள் குடும்பங்களுக்கு இதில் எந்தப் பக்கம் நன்மை? உண்மையைச் சொன்னால் இரண்டு பக்கமும். வாடகை ஏறுகிறது, கலியாணம் செய்த பிள்ளைக்கு இரண்டு அறை வீடு கிடைக்கவில்லை, நிலம் இருந்தால் வீடு கட்டட்டுமே என்று சொல்லத் தோன்றும். அதே பிள்ளையின் பிள்ளைக்கு ஓடி விளையாட இடமும் வேண்டும். தோட்டமுள்ள வீடு வாங்க வசதியில்லாதவனுக்குப் பொதுப் பூங்காதான் வளவு. 1920களின் சபை இதற்குக் கண்ட விடை, நடுவில் நிலத்தை விற்காமல் வைத்து, வெளியே வீடு கட்டி, இரண்டையும் பாதையால் இணைப்பது. அந்த விடை இன்றைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் வீடு, பாதை, பசுமை மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். வாக்குரிமை உள்ளவர்கள் அதைப் பாவிக்கவேண்டும். எங்கள் மாநிலத்தில் 1999இலிருந்து உள்ளூராட்சித் தேர்தலில் 16 வயதிலேயே வாக்களிக்கலாம். வீட்டில் தாய் தகப்பனுக்கு முன் பிள்ளைக்கு வாக்கு இருக்கும் குடும்பங்கள் எங்களிடம் பல. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து, இன்னும் ஜேர்மன் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கு இல்லை. வேறு மாநிலங்கள் அதைக் கொடுக்க முயன்றபோது அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 ஒக்டோபர் 31இல் மறுத்துவிட்டது. வரி கட்டியும் வாக்கில்லாமல் இருப்பது வேதனைதான். மூன்று வகுப்பு வாக்குமுறையின் கதையைக் கேட்கும்போது அது இன்னும் உறைக்கும். 2024 ஜூன் முதல் பொதுவாக ஐந்து வருடத்தில் விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையைக் கைவிடவும் தேவையில்லை என்பதால், இதுவரை தள்ளிப்போட்டவர்கள் மீண்டும் யோசிக்கலாம்.

வாக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஒரு இடத்தில் என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கும் பெபவுங்ஸ்பிளான் வரைபடம் சபைக்குப் போகுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். பொதுவாகக் குறைந்தது ஒரு மாதம். இப்போது இணையத்திலும் பார்க்கலாம். அந்த நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம், நிர்வாகம் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். கடவுச்சீட்டு என்ன நிறம் என்று கேட்பதில்லை. சிறுவர்களும் பொதுமக்களில் அடங்குவர் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இதைவிட, நகரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தனித்தனிப் பகுதிச் சபைகள் உண்டு. ட்ராம் தரிப்பு, விளையாட்டிடம், பாடசாலைக்குப் போகும் வீதி போன்றவை முதலில் அங்கேதான் பேசப்படும். கூட்டங்கள் திறந்தவை. பின்வரிசைக் கதிரைகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

உங்கள் பகுதியில் அப்படி ஒரு அறிவித்தல் வந்தால், தாளைக் கசக்கி எறியாமல் எங்கள் கலையகத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிலே உள்ள ஜேர்மன் சொற்களையும் வரைபடத்தின் நிறங்களையும் நேயர்களோடு சேர்ந்து வாசித்து விளங்கிக்கொள்ளலாம். எந்த நிறம் வீடு, எந்த நிறம் பாதை, எந்த நிறம் பசுமை என்று தெரிந்துகொண்டால் மிச்சத்தை நீங்களே பேசிக்கொள்வீர்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.